தந்தை பாடாத இரங்கற்பா



நவம்பர் மாதத்தைத் திருச்சபை மரித்த விசுவாசிகளின் மாதமாக அனுசரிக்கின்றது. நவம்பர் 2ஆம் நாள் நம் குடும்பங்கள் சேமக்காலைக்குச் சென்று, கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, குருவானவரின் ஆசீர்வாதத்தைப் பெற்றுத் திரும்புகின்றன. அங்கே பெரிய கல்லறைகளுக்கு இடையே ஆங்காங்கே சிறிய கல்லறைகளும் இருக்கின்றன. பெற்றோரைப் புதைத்த பிள்ளைகள் அழுது, செபித்து, ஒருவாறு மனந்தேறிச் செல்கின்றனர். பிள்ளையைப் புதைத்த பெற்றோரோ அந்தச் சிறிய கல்லறையை விட்டு எளிதில் நகர்வதில்லை.

கிழக்கிலங்கையில், அம்பாறை மாவட்டக் கரையில், கல்முனைக்கு வடக்கே மருதமுனையை அடுத்து அமைந்திருக்கும் பாண்டிருப்பு இந்தத் துயரை நன்கறிந்த ஊர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள் காலை, ஆழிப்பேரலை அந்தக் கரையோரம் முழுவதையும் தாக்கியது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அங்கு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்து, இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்ற வேறுபாட்டை அலை பார்க்கவில்லை. ஓடித் தப்பவோ, எதையேனும் இறுகப் பற்றிக்கொள்ளவோ வலுவில்லாத சிறுவர்கள் பெருந்தொகையில் இறந்தனர். உடல் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோருக்கு மெழுகுதிரி ஏற்றுவதற்கு ஒரு கல்லறைகூட இல்லை.

பிள்ளையை இழந்த துயருக்குப் புத்திர சோகம் என்று நம் முன்னோர் தனிப்பெயரே வைத்தனர். பாண்டிருப்பில் உள்ள திரௌபதை அம்மன் ஆலயம், பாரதக் கதையை ஒட்டிய திருவிழாவுக்கும் தீமிதிப்புக்கும் பெயர்பெற்றது. நம் அயலவர்களான இந்து மக்கள் போற்றும் அந்தக் கதையிலே, போர் முடிந்து வெற்றி கிடைத்த இரவில் திரௌபதையின் ஐந்து புதல்வரும் உறக்கத்திலேயே கொல்லப்படுகின்றனர். வென்றவளின் வீட்டிலும் பிள்ளைகள் இல்லை.

இத்தகைய துயரைப் புலவர்கள் எவ்வாறு பாடினர்? மன்னனும் வள்ளலும் மாண்டபோது சங்கப் புலவர் பாடியதைக் கையறுநிலை என்று தமிழ் இலக்கணம் வகுத்துவைத்தது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அழுகை ஏட்டில் ஏறியது குறைவு. அது பெண்களின் ஒப்பாரியிலே, எழுதியவர் பெயர் தெரியாமல், வாய்வழியாக வாழ்ந்தது.

திருவிவிலியத்திலும் இதையொத்த ஒன்றைக் காணலாம். தாவீது அரசர் பெரும் கவிஞர். சவுலும் யோனத்தானும் போர்க்களத்தில் விழுந்த செய்தி வந்தபோது அழகிய இரங்கற்பா ஒன்றை இயற்றி, அதை யூதாவின் மக்களுக்குக் கற்பிக்கவும் கட்டளையிட்டார். சாமுவேல் இரண்டாம் நூலின் முதல் அதிகாரத்தில் அது முழுமையாக இடம்பெற்றுள்ளது. அதே நூலின் 18ஆம் அதிகாரத்தில் அவருடைய மகன் அப்சலோம் இறந்த செய்தி வருகின்றது. அங்கே பாடல் இல்லை, உவமை இல்லை, அலங்காரம் இல்லை. மகனுடைய பெயரையும் மகனே என்ற ஒற்றை அழைப்பையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அந்த முதிய தந்தை மாடியறைக்கு ஏறிச் செல்கின்றார். நண்பனுக்காகப் பாட முடிந்த கவிஞருக்கு மகனுக்காகப் பெயர் மட்டுமே மிஞ்சியது.

தாவீதைப் போன்றே பாடல்களால் பெரும்புகழ் பெற்று, தாவீதைப் போன்றே பிள்ளைகளைப் பறிகொடுத்த மற்றொரு கவிஞர், நமக்கு அண்மையான காலத்தில், அயல்நாடான இந்தியாவில் வாழ்ந்தார். 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளில் நம் இலங்கைக்கும் வந்து சென்றவர் அவர். மகாகவி இரவீந்திரநாத் தாகூர் அவர்களின் வாழ்வை, அவர் இழந்த பிள்ளைகளின் வழியாக இவ்வாரம் சிந்திப்போம்.

பள்ளியும் குடும்பமும்

தாகூர் 1861 மே 7ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் பிறந்தார். தந்தை தேவேந்திரநாத் பிரம்ம சமாஜத்தின் பெருந்தலைவர். செல்வம் நிறைந்த அந்த மாளிகையில் இறப்பு அவரை இளமையிலேயே சந்தித்தது. பதினான்கு வயது நிரம்புமுன்னர் தாயை இழந்தார். 1884ஆம் ஆண்டு, இளமை முதல் அவருடைய கவிதைக்குத் தூண்டுகோலாய் இருந்த அண்ணியார் காதம்பரி தேவி திடீரென இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 1883 டிசம்பரில், அவருக்கும் மிருணாளினி தேவிக்கும் திருமணம் நடந்திருந்தது.

இறைவன் அவர்களுக்கு ஐந்து மக்களைக் கொடுத்தார். மூத்தவள் மாதுரிலதா. அடுத்து இரதீந்திரநாத். பின்னர் ரேணுகா, மீரா. கடைக்குட்டியாக 1896 டிசம்பரில் பிறந்தவன் சமீந்திரநாத். வீட்டார் அவனைச் சமி என்று அழைத்தனர்.

1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் மரநிழலின் கீழே தாகூர் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு தொடங்கிய அந்தப் பள்ளிக்குத் துணைநின்றவர்களுள் முதன்மையானவர் பிரம்மபாந்தவ் உபாத்தியாயர். தாகூர் பிறந்த அதே 1861ஆம் ஆண்டில் வங்காளத்தில் பிறந்து, 1891ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்து, பரிசுத்த திரித்துவத்தைப் போற்றிச் சமஸ்கிருதத்தில் கீதம் இயற்றிய பெருமகன் அவர். இன்று விசுவபாரதி என்று உலகறிந்த அந்தக் கல்விச்சாலையின் தொடக்கத்தில் ஒரு கத்தோலிக்கரின் கரமும் இருந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பள்ளியை நடத்தப் பணம் போதாதபோது மிருணாளினி தம் நகைகளை விற்கக் கொடுத்தார்.

அந்தத் தாய் நெடுங்காலம் வாழவில்லை. 1902ஆம் ஆண்டு நோயுற்றார். தாகூர் அவருடைய படுக்கையருகிலேயே இருந்து, கையால் விசிறி வீசிப் பணிவிடை செய்தார். நவம்பர் 23ஆம் நாள், முப்பது வயதை எட்டுமுன்னரே, அவர் உயிர் பிரிந்தது. மனைவியின் நினைவாகத் தாகூர் இயற்றிய பாடல்கள் ஸ்மரண் என்ற பெயரில் வெளிவந்தன. மனைவிக்காக அவரால் பாட முடிந்தது.

நோயுற்ற மகளின் அருகில்

தாயின் மறைவுக்குப் பின் சில மாதங்களிலேயே இரண்டாம் மகள் ரேணுகாவின் காசநோய் முற்றியது. இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கால வழக்கத்துக்கு இணங்கித் தாகூர் ரேணுகாவைப் பத்து வயதிலேயே மணமுடித்துக் கொடுத்திருந்தார். பிற்காலத்தில் பெண்களின் விடுதலைக்காகப் பேசிய அவருடைய வாழ்வில் இது ஒரு குறையாகவே நிற்கின்றது. பெருமக்களின் வாழ்வையும் நாம் குறைநிறைகளோடுதான் நோக்க வேண்டும்.

மகளுக்கு மலைக்காற்று நலம் தரும் என்ற நம்பிக்கையில் 1903ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவுக்கு அவளை அழைத்துச் சென்றார். காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே வைத்தியம். ஒருபுறம் படுக்கையில் மகள். மறுபுறம் தாயை இழந்து ஏங்கிய மீராவும் சமியும். அந்த நாள்களில்தான் தாகூர் குழந்தைப் பாடல்கள் பலவற்றை இயற்றினார். அவை சிசு என்ற தொகுப்பாயின. அவற்றுள் பலவும் 1913ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் இளம்பிறை என்று பொருள்படும் பெயரில் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்டன.

அந்தப் பாடல்களின் இயல்பைக் கவனியுங்கள். அவற்றிலே குழந்தை பேசுகின்றது. தாயோடு விளையாடுகின்றது, தாயைக் காக்கும் வீரனாகத் தன்னைக் கற்பனை செய்கின்றது, பூவாகவும் மேகமாகவும் மாறித் தாயிடம் ஒளிந்து பிடிக்கின்றது. ஒரு பாடலில் குழந்தை விடைபெறுகின்றது. விடைபெறும்போதும் தாயைத் தேற்றிவிட்டே செல்கின்றது. மனைவியை இழந்து, மகளை இழந்துகொண்டிருந்த ஒருவர் தம் வேதனையைப் பாடவில்லை. எஞ்சியிருந்த பிள்ளைகளின் உள்ளத்தில் புகுந்து, அவர்களுக்குத் தேவையான தாயைப் பாட்டிலே படைத்துக் கொடுத்தார்.

மலைக்காற்று மகளைக் காக்கவில்லை. கல்கத்தாவுக்குத் திரும்பிய பின், 1903 செப்டெம்பரில் ரேணுகா இறந்தாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு. 1905 ஜனவரியில் தந்தை தேவேந்திரநாத்தும் காலமானார்.

சமியின் பிரிவு

சமி தந்தையைப் போலவே பாட்டிலும் நாடகத்திலும் விருப்பம் கொண்ட சிறுவன். 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாந்திநிகேதன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, பருவங்களின் வேடம் புனைந்து ஒரு விழாவை அவன் நடத்தினான். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற சாந்திநிகேதன் வசந்த விழாவுக்கு அந்தச் சிறுவர் விழாவே முன்னோடி என்பர்.

அதே ஆண்டு பூசை விடுமுறைக்குச் சமி தன் தோழனுடன் பீகாரில் உள்ள முங்கேருக்குச் சென்றான். அங்கே வாந்திபேதி அவனைப் பற்றியது. செய்தி கிடைத்ததும் தாகூர் விரைந்து சென்றார். மூத்த மகன் இரதீந்திரநாத் அப்போது அமெரிக்காவில் வேளாண்மை படித்துக்கொண்டிருந்தார். மாதுரிலதாவும் மீராவும் மணமாகியிருந்தனர். தந்தையோடு எஞ்சியிருந்தவன் அந்தக் கடைக்குட்டி மட்டுமே. 1907 நவம்பரில், பதினொரு வயது நிரம்புவதற்குச் சில நாள்கள் இருக்கையில், சமி இறந்தான். வங்க நாள்காட்டியின்படி அது அவனுடைய தாய் இறந்த அதே நாள். இடையில் ஐந்து ஆண்டுகள் சென்றிருந்தன. பள்ளியைத் தொடங்கத் துணைநின்ற பிரம்மபாந்தவரும் அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் மறைந்திருந்தார்.

தாகூர் சாந்திநிகேதனுக்குத் திரும்பினார். பள்ளியின் வேலைகளைத் தொடர்ந்தார். மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். மனைவிக்காக ஒரு தொகுப்பை வெளியிட்டவர், சமிக்காகத் தனியானதோர் இரங்கற்பா நூலை வெளியிடவில்லை. தாவீதுக்கு நேர்ந்தது போலவே, மகனின் மறைவின் முன் அந்தப் பெரும் கவிஞரின் நாவும் அடங்கியது.

அந்த மௌனத்தை வெறுமை என்று எண்ணிவிடலாகாது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில்தான் கீதாஞ்சலிப் பாடல்களுள் மிகுதியானவை பிறந்தன. 1910ஆம் ஆண்டு வங்கமொழிக் கீதாஞ்சலி வெளிவந்தது. 1912ஆம் ஆண்டு ஆங்கில வடிவம் இலண்டனில் வெளியிடப்பட்டது. 1913ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆசியாவுக்கு அந்தப் பரிசு வந்தது அதுவே முதன்முறை. உலகம் அந்தப் பாடல்களில் ஒரு பக்தனின் அமைதியைக் கண்டு வியந்தது. அந்த அமைதியை அடையுமுன் அவர் எத்தனை பாடைகளின் பின்னே நடந்திருந்தார் என்பதை வாசித்தவர்களுள் சிலரே அறிந்திருந்தனர்.

1910 டிசம்பர் 25ஆம் நாள் சாந்திநிகேதன் வழிபாட்டு மண்டபத்தில் இயேசுபிரானின் பிறப்பை நினைவுகூரும் வழிபாட்டைத் தாகூர் தொடங்கிவைத்தார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர், தம் மகனை இழந்த மூன்றாம் ஆண்டில், மாட்டுத்தொழுவத்தில் பிறந்த குழந்தையைக் கொண்டாடத் தம் மாணவர்களை ஒன்றுகூட்டினார்.

சன்னலருகே ஒரு சிறுவன்

சமி இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1911ஆம் ஆண்டில், தாகூர் ஒரு சிறு நாடகம் எழுதினார். அதன் பெயர் டாக்கர். தமிழில் அஞ்சல் நிலையம் என்பர். அதன் நாயகன் அமல் என்னும் நோயுற்ற சிறுவன். வெளியே செல்லக் கூடாது என்று வைத்தியர் தடைசெய்துவிடவே, அவன் நாள் முழுவதும் சன்னலருகே அமர்ந்து தெருவில் போவோரோடு பேசுகின்றான். தயிர் விற்பவரும் காவற்காரரும் பூப்பறிக்கும் சிறுமியும் அவனுக்கு நண்பராகின்றனர். எதிரே புதிதாகத் திறக்கப்பட்ட அஞ்சல் நிலையத்தைப் பார்த்து, அரசரிடமிருந்து தனக்கு ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கின்றான். இறுதியில் அரசரின் வைத்தியர் வந்து, அடைக்கப்பட்டிருந்த கதவுகளையும் சன்னல்களையும் திறக்கச் சொல்கின்றார். விண்மீன்களின் ஒளியிலே சிறுவன் உறங்குகின்றான். அந்த உறக்கம் எத்தகையது என்பதை நாடகம் உரத்துச் சொல்வதில்லை.

இந்நாடகம் எழுதப்பட்டு முப்பது ஆண்டுகள் சென்றபின் அதற்கு நேர்ந்ததை அறிந்தால் நம் உள்ளம் உருகும். போலந்து நாட்டில் யானுஷ் கோர்ச்சாக் என்ற யூத மருத்துவர் இருந்தார். பிள்ளைகளுக்காகப் பல நூல்கள் எழுதியவர். அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்தியவர். நாசிகள் யூத மக்களை வார்சோ நகரின் ஒரு பகுதிக்குள் அடைத்துச் சுவரெழுப்பியபோது, அவரும் அவருடைய பிள்ளைகளும் அங்கே அடைபட்டனர். பசியும் நோயும் மலிந்த அந்த இடத்திலே, 1942 ஜூலை 18ஆம் நாள், அவர் தம் பிள்ளைகளைக் கொண்டு தாகூரின் அந்த நாடகத்தை மேடையேற்றினார். மரணத்தை அச்சமின்றி எதிர்கொள்ளும் மனநிலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர் விரும்பினார் என்பர். மூன்று வாரங்கள் முழுமையாகச் செல்லுமுன் ஏறத்தாழ 200 பிள்ளைகளும் திரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். தப்பிச் செல்லும் வாய்ப்புகளை மறுத்த கோர்ச்சாக், பிள்ளைகளோடு நடந்து சென்று அவர்களோடு மடிந்தார்.

வங்காளத்தில் மகனை இழந்த ஒரு தந்தை எழுதிய நாடகம், அவர் கண்டிராத பிள்ளைகளுக்கு, அவர்களின் இறுதி நாள்களில் துணையாயிற்று. அதை அறியத் தாகூர் உயிரோடு இல்லை. அவர் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

மூத்த மகளும் பேரனும்

புகழ் வந்தபின் துயர் நின்றுவிடவில்லை. மூத்த மகள் மாதுரிலதாவையும் காசநோய் பற்றியது. அவளுடைய கணவருக்கும் தாகூருக்கும் இடையே மனக்கசப்பு இருந்தது. ஆயினும் நோபல் பரிசு பெற்ற அந்தத் தந்தை நாள்தோறும் மகளின் வீட்டுக்குச் சென்று, படுக்கையருகே அமர்ந்து, சிறுபிள்ளைக்குச் சொல்வது போலக் கதை சொன்னார். 1918 மே 16ஆம் நாள் வழக்கம்போல் சென்றபோது, அவள் சற்று முன்னரே இறந்துவிட்டாள் என்று அறிந்தார். மாடிப்படி ஏறாமலே திரும்பிவிட்டார். அந்த ஆண்டில் வெளிவந்த பலாத்தகா என்ற தொகுப்பில், வீட்டுக்குள் அடங்கி வாழ்ந்து, யாரும் கவனியாமல் மறையும் பெண்களின் கதைகளை அவர் பாடினார். தம் மகளின் பெயரை முன்னிறுத்தாமல், பெயரில்லாத பலருடைய மகள்களுக்காக அவர் பேசினார்.

1930 ஜூலையில் ஜெர்மனியில் பயணம் செய்தபோது ஓபராமர்காவ் என்ற மலைக்கிராமத்தில் ஆண்டவரின் திருப்பாடுகளின் நாடகத்தைக் கண்டார். கொள்ளைநோயிலிருந்து காக்கப்பட்டால் இந்நாடகத்தை நடத்துவோம் என்று 1633ஆம் ஆண்டு நேர்ந்துகொண்ட அந்தக் கத்தோலிக்க ஊர்மக்கள், தலைமுறை தலைமுறையாக, வழக்கமாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை நடத்திவருகின்றனர். நாடகத்தைக் கண்ட தாகூரின் உள்ளம் கொந்தளித்தது. தாய்மொழியில் எழுதிப் பின் மொழிபெயர்ப்பது அவருடைய வழக்கம். இம்முறை நேரடியாக ஆங்கிலத்திலேயே ஒரு நெடும்பாடலை எழுதினார். அதற்குக் குழந்தை என்று பொருள்படும் பெயரிட்டார். இருளில் புறப்படும் யாத்திரிகர் கூட்டமொன்று தன்னை வழிநடத்தியவரையே ஐயுற்றுக் கொன்றுவிடுகின்றது. பின் மனம் வருந்தி, கொல்லப்பட்டவரின் நினைவையே வழிகாட்டியாகக் கொண்டு நடந்து, இறுதியில் ஒரு குடிசையின் வாசலை அடைகின்றது. அங்கே வைக்கோல் படுக்கையில் ஒரு தாயும் அவள் மடியில் ஒரு குழந்தையும் இருக்கின்றனர். யாவரும் முழந்தாளிடுகின்றனர். சிலுவையைக் காணச் சென்ற கவிஞர் தொட்டிலில் வந்து நின்றார். இத்தனை பிள்ளைகளைப் புதைத்தபின்னும் குழந்தையே மனிதகுலத்தின் நம்பிக்கை என்று அவரால் பாட முடிந்தது.

இரண்டு ஆண்டுகளில் மீண்டும் சோதனை வந்தது. மீராவின் ஒரே மகன் நிதீந்திரநாத், அச்சுத்தொழில் கற்க ஜெர்மனிக்குச் சென்ற இளைஞன், அங்கே காசநோயால் 1932 ஆகஸ்டில் இருபது வயதில் இறந்தான். சாந்திநிகேதனில் மழைக்கால விழா நடைபெறவிருந்த நேரம் அது. விழாவை நிறுத்திவிடலாம் என்று பலர் கூறினர். தாகூர் இணங்கவில்லை. தம் துயரைத் தாமே சுமப்பதாகவும், மற்றவர்கள் தலையில் அதை ஏற்ற விரும்பவில்லை என்றும் உறுதியாக இருந்தார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு கடிதம்

அந்த மாதத்தின் இறுதியில், மகனை இழந்து நின்ற மகள் மீராவுக்குத் தாகூர் ஒரு கடிதம் எழுதினார். அதிலேதான், சமி இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும் வேளையில், அந்த இரவைப் பற்றி அவர் மனந்திறந்தார்.

சமி இறந்த மறுநாள் இரவு புகைவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தபோது வானத்தைப் பார்த்ததாகவும், நிலவொளி எங்கும் நிறைந்திருந்ததாகவும், எதிலும் எந்தக் குறையும் தென்படவில்லை என்றும் அவர் மகளுக்குக் கூறினார். எதுவும் இல்லாமற் போகவில்லை, யாவும் முழுமைக்குள் இருக்கின்றன, தாமும் அதற்குள் இருக்கின்றோம் என்று தம் உள்ளம் அன்று சொன்னதாகவும், செய்யவேண்டிய பணி தமக்கு எஞ்சியிருப்பதை உணர்ந்ததாகவும், உயிரோடு இருக்கும்வரை துணிவு தளரக் கூடாது என்று வேண்டிக்கொண்டதாகவும் எழுதினார்.

அன்பர்களே, இக்கடிதத்தை வாசிப்போர் அந்த நிலவொளியையே பெரிதாகப் பேசுவர். நாம் அது எழுதப்பட்ட காலத்தையும் கவனிக்க வேண்டும். தம் புண்ணைப் பற்றி அச்சொற்களை அவர் அவிழ்த்தது புகழுக்காக அன்று. மகளுடைய புண்ணுக்கு மருந்திடுவதற்காக. சமியின் பெயரை எழுதும் வலு அவர் பேனாவுக்கு வந்தது, மற்றொரு தாய் தன் மகனை இழந்து நின்றபோது. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில், இறைவன் நம் இன்னல்களில் நமக்கு ஆறுதல் தருவது, இன்னலுறும் பிறருக்கு நாம் அதே ஆறுதலை அளிக்கவே என்று விளக்குகின்றார். அந்த உண்மையைத் தாகூரின் கடிதம் நம் கண்முன் நிறுத்துகின்றது.

அவர் கண்ட அமைதி இயற்கையின் முழுமையில் கண்ட அமைதி. நமக்கோ உயிர்த்த ஆண்டவரின் வாக்குறுதி இருக்கின்றது. ஆயினும் அந்த வாக்குறுதி அழுகையைத் தடைசெய்வதில்லை. இலாசரை உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்த இயேசுபிரானே அவன் கல்லறையருகில் கண்ணீர் விட்டார். நயீன் ஊரின் விதவை தன் ஒரே மகனின் பாடைக்குப் பின்னே நடந்தபோது அவர் முதலில் அவள்மீது மனமிரங்கினார். அதன் பின்னரே பாடையைத் தொட்டார். கல்வாரியில் அன்னை மரியாள் சிலுவையருகில் நின்றார் என்று நற்செய்தியாளர் யோவான் எழுதுகின்றார். அன்னை அங்கு பேசிய ஒரு சொல்லையும் எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. பசாமும் வியாகுலப் பிரசங்கமும் தவக்கால ஒப்பாரியும் அன்னையின் மௌனத்திற்குப் பின்வந்த பிள்ளைகள் கொடுத்த குரலே ஆகும்.

எனவே பிள்ளையை இழந்தவர் பேசாமல் இருந்தால் அதை விசுவாசக் குறைவு என்றோ, அன்புக் குறைவு என்றோ நாம் எண்ணலாகாது. சாவீட்டு வாசலிலேயே இறைசித்தத்தைப் பற்றி விளக்கமளிக்க விரைவதும் தகாது. யோபு தம் பத்து மக்களையும் இழந்தபோது அவருடைய நண்பர் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினர். இருபத்தைந்து ஆண்டுகள் சுமந்தபின் தாகூர் சொன்ன நிலவொளியை, முதல் நாள் இரவில் இன்னொருவர்மீது சுமத்த நமக்கு உரிமையில்லை.

1941 ஆகஸ்ட் 7ஆம் நாள், தாம் பிறந்த அதே ஜோராசாங்கோ இல்லத்தில், எண்பதாம் வயதில் தாகூர் மறைந்தார். ஐந்து மக்களுள் இரதீந்திரநாத்தும் மீராவும் மட்டுமே அவருக்குப் பின் இருந்தனர்.

பாண்டிருப்பின் கரையில் 2004ஆம் ஆண்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. அந்தப் பிள்ளைகள் இருந்திருந்தால் இன்று தாமே பெற்றோராயிருப்பர். நோயிலும் விபத்திலும் போரிலும் பிள்ளைகளை இழந்தோர் நம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றனர். காலம் கடந்துவிட்டது, நினைவூட்டி அழவைக்கக் கூடாது என்று கருதி நாம் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்வதையே விட்டுவிடுகின்றோம். பெற்றோரோ அந்தப் பெயரை ஒருநாளும் மறந்ததில்லை. பிறர் வாயிலிருந்து அதைக் கேட்பதற்காகவே சிலர் ஏங்கியிருக்கின்றனர்.

இந்த மாதத்தில் திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுக்கும்போது உங்கள் குடும்பத்தாரின் பெயர்களோடு அயல்வீட்டுப் பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இல்லம் சென்று அந்தத் தாய் தந்தையரோடு சற்று நேரம் அமர்ந்திருங்கள். ஆறுதல் மொழி எதுவும் நாவுக்கு வராவிட்டால் கவலை வேண்டாம். தாவீது தம் மாடியறையில் அழைத்ததும், தாகூர் தம் மகளுக்கு எழுதியதும் ஒரு பெயரே. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, ஒரு அருள்நிறை மந்திரத்தை அவர்களோடு சேர்ந்து செபித்துவிட்டு வாருங்கள்.